பனிக்கரடியும் அத்திப்பட்டும்

அத்திப்பட்டு என்று ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்கள் பலர் கேட்கும் முதல் கேள்வி, "சிட்டிசன் படத்துல வருமே, அந்த ஊரா சார்?" என்பதுதான். 2001-இல் வந்த அஜித்குமார் படம். அதில் வரும் ஊர் அத்திப்பட்டி. வரைபடத்திலிருந்தே அழிக்கப்பட்ட கற்பனைக் கிராமம். நம் ஊர் அத்திப்பட்டு. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் எண்ணூரைத் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர், அடுத்தது அத்திப்பட்டு, பிறகு நந்தியம்பாக்கம், மீஞ்சூர். ஒன்றுக்கு இரண்டு ரயில் நிலையம் உள்ள ஊரைக் காணாமல் போன ஊர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்துவிட்டது.

ரயில் ஏறி வந்து பார்த்துவிடக்கூடிய ஊருக்கே இந்தக் கதி. அப்படியானால், யாரும் கண்ணால் பார்க்க முடியாத ஒரு விஷயத்தைப் பற்றிப் பத்திரிகையும் வானொலியும் தொலைக்காட்சியும் என்ன படம் போட்டுக் கொடுத்திருக்கும்? காலநிலை மாற்றத்தைத்தான் சொல்கிறேன். இன்றைய வெயிலைப் பார்க்கலாம், நேற்றைய மழையைப் பார்க்கலாம். முப்பது வருடச் சராசரியை யார் பார்த்திருக்கிறார்கள்? அது முழுக்க முழுக்கப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்று நம் தலைமுறை வாழ்ந்த காலத்தை வைத்து எழுதிப் பார்க்கிறேன்.

பூமி சூடாகும் கணக்கு பழைய கணக்கு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே ழோசேஃப் ஃபூரியே என்ற பெயர் கணிதத்தில் அடிக்கடி வரும். அவர் 1824-இல் பூமியின் வெப்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சூரிய வெளிச்சம் காற்று மண்டலத்துக்குள் சுலபமாக வந்துவிடுகிறது, தரையிலிருந்து கிளம்பும் வெப்பம் அவ்வளவு சுலபமாக வெளியே போவதில்லை என்பது அதன் சாரம். கண்ணாடி மூடி போட்ட பெட்டியை வெயிலில் வைத்து ஸொசூர் என்ற ஜெனிவா அறிஞர் செய்த சோதனையை அதில் எடுத்துக்காட்டினார். ஃபூரியே நம்மைப் போல அரசு ஊழியரும்கூட. நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்வந்து, 1802 முதல் 1815 வரை கிரனோபிளில் ப்ரெஃபே பதவியில் இருந்தார். நம் ஊர்க் கணக்கில் கலெக்டர். கோப்புகளுக்கு நடுவில்தான் வெப்பத்தின் கணிதத்தையும் எழுதினார் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். நம் அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவில் அதிகபட்சம் சீட்டுக் கம்பெனிக் கணக்குதான் எழுதப்பட்டது.

1896-இல் ஸ்வீடன் நாட்டு அர்ஹீனியஸ், காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கணக்கே போட்டுவிட்டார். 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்க ஆரம்பித்தபோது காற்றில் பத்து லட்சத்தில் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இத்தனை நாள் இது விஞ்ஞானிகளின் அலமாரியில் கிடந்தது. பொதுஜனத்துக்கு வந்தது 1988-இல். அந்த வருடக் கோடையில் அமெரிக்காவில் கடும் வறட்சி. ஜூன் 23 அன்று ஜேம்ஸ் ஹான்சன் என்ற நாசா விஞ்ஞானி அந்நாட்டு செனட் குழு முன்பு, பூமி சூடாவது தொடங்கிவிட்டது என்று சாட்சி சொன்னார். வெளியே வெயில் கொளுத்தியதால் செய்தி எடுபட்டது. மார்கழியில் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

நமக்கு அந்தச் செய்தி தமிழில் வந்து சேர்ந்தபோது கூடவே இன்னொன்றும் வந்தது: ஓசோன் படலத்தில் ஓட்டை. அண்டார்டிகாவுக்கு மேலே அதைக் கண்டறிந்து அறிவித்தது 1985, மான்ட்ரியல் ஒப்பந்தம் 1987. இரண்டு செய்தியும் அடுத்தடுத்து வந்ததால் மக்கள் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன. "வானத்துல ஓட்டை விழுந்துடுச்சு, அதான் வெயில் இப்படி அடிக்குது" என்று இன்றைக்கும் டீக்கடையில் சொல்வார்கள். ஓசோன் விவகாரம் வேறு, கரியமில வாயு விவகாரம் வேறு. முன்னதற்குக் காரணம் குளிர்பதனப் பெட்டியிலும் வேறு பொருள்களிலும் பயன்பட்ட சில ரசாயனங்கள். அவற்றை உலகம் பெருமளவு நிறுத்திவிட்டது, படலமும் மெல்லத் தேறிவருகிறது. ஆனால் ஓட்டை என்ற சொல்லுக்கு இருக்கும் சக்தி வேறு எதற்கு உண்டு? கூரையில் ஓட்டை என்றால் யாருக்கும் புரியும். கூரை கெட்டியாகிக்கொண்டே போவதால் புழுங்குகிறது என்றால் புரியவைப்பது கஷ்டம்.

சொற்கள் செய்த வேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் இதை 'எஃபே த ஸேர்' என்பார்கள். ஸேர் என்றால் குளிர்நாட்டில் செடி வளர்க்கக் கட்டும் கண்ணாடி அறை. கேட்டவுடன் உள்ளே வெக்கையாக இருக்கும் என்று தோன்றும். தமிழில் ஆங்கிலத்தைப் பார்த்து 'பசுமை இல்ல வாயு' என்று எழுதினார்கள். பசுமை இல்லம் என்றால் நமக்கு என்ன தோன்றும்? தோட்டம், நிழல், குளுமை. போதாக்குறைக்கு 2011-இல் தமிழக அரசு, சூரிய மின்சக்தியோடு கூடிய பசுமை வீடுகள் கட்டிக்கொடுக்கும் திட்டம் கொண்டுவந்தது. கிராமத்தில் பசுமை வீடு என்றால் மனுப் போட்டு வாங்கும் நல்ல சரக்கு. அதிலிருந்து வரும் வாயு உலகத்தைக் கெடுக்கிறது என்று செய்தியில் வாசித்தால் யாருக்கு விளங்கும்?

கரியமில வாயு என்ற சொல்லும் அப்படியே. கரி, அமிலம் என்று பிரித்து உண்டாக்கிய நல்ல தமிழ்ச்சொல்தான். ஆனால் காதில் 'கரிய' என்று விழுகிறது. கறுப்பாக ஏதோ வெளியே வரும் என்று கண் தேடுகிறது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அனல்மின் நிலையத்தின் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. "இப்பல்லாம் புகை வெள்ளையாத்தானே வருது, முன்ன மாதிரி கறுப்பா இல்லையே" என்று நம்மவர்கள் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். பத்திரிகைகளும் அதற்கு ஒத்தாசை. பூமி வெப்பம் பற்றிக் கட்டுரை போட்டால் பக்கத்தில் இடுப்பு சிறுத்த பெரிய கோபுரங்கள் குபுகுபுவென்று வெண்புகை விடும் படம் ஒன்றைப் போடுவார்கள். அவை தண்ணீரைக் குளிரவைக்கும் கோபுரங்கள், வருவது நீராவி. கரியமில வாயு போவது ஒல்லியாக உயரமாக நிற்கும் புகைபோக்கி வழியாக. அதைப் படம் எடுத்தால் ஒன்றுமே தெரியாது. ஒன்றுமே தெரியாத படத்தை எந்த ஆசிரியர் போடுவார்?

'பருவநிலை மாற்றம்' என்ற சொல்லோடும் எனக்குச் சண்டை உண்டு. ஆடி போய் ஆவணி வந்தால் பருவநிலை மாறத்தான் செய்யும். அதில் என்ன பயம்? 'காலநிலை மாற்றம்' கொஞ்சம் பரவாயில்லை. மத்திய அமைச்சகத்தின் பெயரில் அது 2014-இல் சேர்ந்தது, மாநிலத் துறையின் பெயரில் 2021-இல். பெயர் மாறினால் முத்திரையும் கடிதத் தாளும் மாறும், பழைய தாள்கள் குறிப்பெழுதப் பயன்படும் என்பது என் அனுபவம். அதற்கு மேல் என்ன மாறியது என்பதைப் பணியில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தில் நம் ஊடகங்களைப் பாராட்டியே ஆக வேண்டும். வானிலையை அவை மக்களுக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்தன. வானொலியில் மீனவர்களுக்கான எச்சரிக்கை, எண்ணூர் துறைமுகத்தில் இத்தனையாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தி, பிறகு 1975 ஆகஸ்டு 15-இல் வந்த சென்னைத் தொலைக்காட்சி, 1993-க்குப் பிறகு தனியார் அலைவரிசைகள். எஸ்.ஆர். ரமணன் 2016-இல் ஓய்வு பெறும்வரை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அவரைப் பார்க்காமல் எந்த வீட்டிலும் இரவுச் சாப்பாடு நடந்ததில்லை. காற்றழுத்தத் தாழ்வு நிலை, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற வரிசையை எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒப்பிப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் விடுமுறைக் கடவுள். காலநிலைக்கு அப்படி ஒரு ரமணன் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் என்ன சொல்வார்? "அடுத்த முப்பது ஆண்டுகளில்" என்று ஆரம்பித்தால் சேனலை மாற்றிவிடுவோம்.

அமெரிக்காவில் வேறு விதமான கூத்து நடந்தது. 1988 முதல் 2002 வரை அந்நாட்டின் நான்கு பெரிய தினசரிகளை ஆராய்ந்து மாக்ஸ்வெல் பாய்க்காஃப், ஜூல்ஸ் பாய்க்காஃப் என்ற சகோதரர்கள் 2004-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்ட செய்திகளில், மனிதச் செயலால் பூமி சூடாகிறது என்பவருக்கும் மறுப்பவருக்கும் ஏறத்தாழச் சம இடம் தரப்பட்டிருந்தது. விஞ்ஞானிகளிடையே அப்படிச் சரிபாதிப் பிளவு இல்லவே இல்லை. இரு தரப்பையும் கேட்பது நியாயம்தானே என்ற நல்லெண்ணமே மக்களைக் குழப்பிவிட்டது.

இந்தியாவில் அந்தக் குழப்பம் இல்லை. 2002 முதல் 2007 வரையிலான நம் ஆங்கிலத் தினசரிகளை சைமன் பில்லெட் என்பவர் ஆராய்ந்து 2010-இல் எழுதியபோது, விஞ்ஞானத்தை அவை சந்தேகிக்கவில்லை, பிரச்சினையை அவை எழுதிய விதம் "ஆபத்து நமக்கு, பொறுப்பு அவர்களுக்கு" என்பதாக இருந்தது என்றார். அதற்கு நியாயமான காரணமும் உண்டு. 1990 வாக்கில் நம் நெல்வயல்கள் மீத்தேன் வாயுவைக் கொட்டித் தீர்க்கின்றன என்று அமெரிக்கத் தரப்பில் கணக்குச் சொன்னார்கள். வருடத்துக்கு 3 கோடியே 78 லட்சம் டன் என்று. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் 1991-இல் வயல்களில் இறங்கி அளந்தபோது சுமார் 40 லட்சம் டன்தான் வந்தது. அதே வருடம் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூல் எழுதி, ஏழை உழவனின் நெல்வயல் வாயுவையும் பணக்காரனின் கார்ப் புகையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்று வாதாடினார்கள். பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் நெல் விளைவித்தவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வயலை உலக நீதிமன்றத்தில் நிறுத்தப் பார்த்தார்கள். அளந்து பார்த்துத்தான் காப்பாற்றினார்கள். ஆனால் இந்த நியாயத்தைத் தமிழில் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒரு பக்கவிளைவும் ஏற்பட்டது. புகை என்றால் அமெரிக்கா, உருகுவது என்றால் வடதுருவம், பாவம் என்றால் பனிக்கரடி என்று ஆகிவிட்டது. எண்ணூரில் பனிக்கரடி இல்லையே!

செய்தி எப்படிப் பிறழும் என்பதற்கு ஒரு குமாஸ்தா ரசிக்கும் உதாரணம் இருக்கிறது. இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஐ.நா. சார்ந்த காலநிலைக் குழுவின் 2007 அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அந்த ஆண்டு அக்குழுவுக்கு அல் கோருடன் சேர்த்து நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. தலைவர் நம் நாட்டு பச்சௌரி. அந்த வரிக்கு மூலம் எது என்று தோண்டினார்கள். ஒரு தொண்டு நிறுவனத்தின் 2005 அறிக்கை. அதற்கு மூலம்? 1999-இல் ஒரு விஞ்ஞான வார இதழில் வந்த பேட்டிச் செய்தி. பழைய ஆவணம் ஒன்றில் இருந்த 2350 என்ற எண்தான் இடம் மாறி 2035 ஆகியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். 2010 ஜனவரியில் குழு வருத்தம் தெரிவித்தது. கடிதத்தின் தலையில் 'பார்வை' என்று போட்டு எண் கொடுத்துவிட்டால் மேலே இருப்பவர் மூலக் கோப்பை எடுத்துப் பார்க்க மாட்டார் என்பது உலகம் முழுவதும் ஒன்றுபோல இருக்கிறது. நகலின் நகலில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பல நூறு பக்க அறிக்கையில் ஒரு பத்தி தவறு. ஆனால் பத்திரிகைகளில் அந்த ஒரு பத்திக்குக் கிடைத்த இடம் மீதிப் பக்கங்களுக்குக் கிடைக்கவில்லை.

நம் பக்கத்துக்கு வருகிறேன். 2015 நவம்பரில் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் மழை. 1918 நவம்பருக்குப் பிறகு அதுவே அதிகம். டிசம்பர் 1-ஆம் தேதி மழை நமக்கெல்லாம் தெரியும். ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போக முடியாததால், 1878-இல் தொடங்கிய தி இந்து நாளிதழ் முதன்முறையாக மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை. செய்தி சொல்பவனே செய்தி ஆன நாள் அது. அதே நாட்களில் பாரிஸில் உலகக் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? சென்னை வெள்ளம் காலநிலை மாற்றத்தின் முகம் என்று ஆகிவிட்டது. அடுத்த வருடம் அமெரிக்க வானிலைச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு, அந்த ஒரு நாள் பெருமழையில் மனிதனால் உண்டான வெப்பத்தின் பங்கைக் கண்டறிய முடியவில்லை என்று சொன்னது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே எழுதியது. இதனால் காலநிலை மாற்றம் பொய் என்று ஆகாது. கடல் சூடானால் காற்றில் ஈரம் கூடும், மழை முரட்டுத்தனமாகும் என்பது நிற்கிறது. எனக்குக் கோபம் வேறு இடத்தில். 'இயற்கைச் சீற்றம்' என்பது கோப்பை மூடுவதற்கு வசதியான சொல். 'காலநிலை மாற்றம்' அதன் புதுப் பதிப்பாகிவிட்டால், ஏரியை அடைத்தவனும் வாய்க்காலை மறித்தவனும் வானத்தைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

நான்கே வருடம் கழித்து 2019 ஜூனில் அதே சென்னை தண்ணீரில்லாத நகரம் ஆனது. ஹாலிவுட் நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோ வறண்ட கிணற்றின் படத்தைப் போட்ட பிறகு நம் தொலைக்காட்சிகளுக்கும் சூடு பிடித்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, மாலை போட்டு வரவேற்றார்கள். காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. பத்திரிகையில் அதற்கு மீஞ்சூர் ஆலை என்று பெயர். காட்டுப்பள்ளிக்காரர்களுக்கு அந்தக் குறை இன்னும் உண்டு.

எண்ணூர் செய்தியில் வருவது எப்போது? 2017 ஜனவரி 28-இல் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, இளைஞர்கள் வாளியில் எண்ணெய் அள்ளிய படம் நாடெங்கும் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவியபோது, எண்ணெய் பூசிய கூழைக்கடாக்கள் செய்தியாயின. எண்ணெய் கறுப்பாக இருக்கிறது, ஒட்டுகிறது, நாறுகிறது. கேமராவுக்கு ஏற்ற சரக்கு. நிலக்கரி அப்படி இல்லை. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017 மார்ச்சில் நின்றது. வடசென்னை நிலையம் 1994 முதல், அதன் இரண்டாம் நிலை, வல்லூர் நிலையம் 2012-க்குப் பிறகு. 2001-இல் திறந்த துறைமுகமே முதலில் நிலக்கரி இறக்கத்தான் கட்டப்பட்டது. நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். எந்த விபத்தும் நடக்காத, எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில் போவது அது. விபத்து இல்லாத நாளைப் பற்றி எந்த நிருபரும் எழுத வருவதில்லை. மின்நிலையத்தால் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்; அந்தச் சம்பளத்தில் படித்த பிள்ளைகள் இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கிறார்கள்.

விதிவிலக்காக 2017-இல் இரண்டு நடந்தன. ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்குப் பாட'லை எண்ணூரில் நின்று பாடினார். அடங்கலில் நாங்கள் வகைப்பாடு என்று எழுதிய சொல்லை ஊர் வசைச்சொல்லாக்கி வைத்திருந்தது. கர்நாடக சங்கீதம் அதை மீட்டது. அக்டோபரில் கமல்ஹாசன் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் சாம்பல் கொட்டுவதைப் பற்றி எழுதிவிட்டு நேரிலும் வந்தார். அதுவரை மீனவர்கள் வருடக்கணக்காகச் சொன்னது ஒரே நாளில் தலைப்புச் செய்தி. அந்தச் சமயத்தில்தான் வரைபட விவகாரமும் வெளியே வந்தது. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் இருந்த சுமார் 6,500 ஏக்கர் கழிமுகம், 2009 என்று தேதியிட்ட இன்னொரு வரைபடத்தில் இல்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய தாள்களைக் காட்டி ஆர்வலர்கள் சொன்னார்கள். சிட்டிசன் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேள்வி கேட்பவர்கள் ஒருவருக்கும் இந்தச் செய்தி தெரியாது.

2024 மார்ச்சில் வடசென்னை மூன்றாம் நிலையின் 800 மெகாவாட் அலகு தொடங்கிவைக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்துக் கத்திரி வெயில் நெருங்கும்போது, மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற புதிய உச்சத்தைத் தொட்டது. தடையில்லாமல் சமாளித்தோம் என்று அது சாதனையாக அறிவிக்கப்பட்டது, சாதனைதான். வெயில் தாங்காமல் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடியது. அன்றைக்கும் வெயில் செய்தி ஒரு பக்கத்தில், மின்சாரச் செய்தி வேறு பக்கத்தில்.